பக்கத்துக்கு ஒரு அங்குலம்

பட்டறையின் சிமெண்டுத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா இரண்டு ஷூவையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு ஞாபகம் வரும். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாடி இல்லாத லாரி ஒன்று வெறும் சட்டமும் சக்கரமுமாக நடுவில் நின்றது. அதன் ஓரமாகத் தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் நின்றார். எவ்வளவு அகலம் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் குனிந்து தன் காலைக் காட்டி, "இவ்வளவுகூட வேணாம் மேஸ்திரி, இதைவிடக் கொஞ்சம் கம்மி" என்றார். நான் டேப்பை இழுத்து, ஷூவைத் தொடாமல் மேலாக அளந்து பார்த்தேன். ஏழு அங்குலம் வந்தது. ஆறு போதும் என்றார். நீளம் நாற்பது அடி. தரையை விட்டு ஒரு அடி உயரத்தில் ஆரம்பித்து நடுவில் மூன்றரை அடிக்கு ஏற வேண்டும், அங்கே ஒரு வளைவு, அதற்கப்புறம் இறக்கம். கைப்பிடி வேண்டாம், ஓரத்தில் தடுப்பு வேண்டாம், வெறும் மரப் பாதை. வண்டியில் ஆடு ஏற்றும் பலகை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை ஆடு என்று விசாரித்தேன். ஆடு இல்லை, நான்தான் என்றார்.

நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன். ராசிபுரம் ரோட்டில் பட்டறை. முட்டை ஏற்றும் வண்டி, குச்சிக்கிழங்கு ஏற்றும் வண்டி, வடக்கே போகிற பத்துச் சக்கர வண்டி என்று முப்பது வருஷமாக மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓனர் எந்த அளவைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு விரல் கூடுதலாக வைப்போம். உள்ளே ஒரு மூட்டை அதிகமாக உட்காரும், ஓனருக்கு முகம் மலரும், அடுத்த வண்டியையும் நம்மிடமே கொண்டுவந்து நிறுத்துவார். கூடுதலாக வைத்ததற்காக ஒருவர்கூட என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை, குறைந்தால்தான் வருவார்கள். ஓரப் பலகையை உயரமாக வை, முட்டுக்கட்டையைத் தடிமனாகப் போடு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கை என்னுடையது. அந்தக் கையிடம் போய், ஓரமே இல்லாமல், அகலமும் இல்லாமல் ஒன்று செய்து கொடு என்றால் அது எப்படி ஒத்துக்கொள்ளும்?

அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். முதல் நாளே பட்டறையில் அவருக்கு டி.டி.ஆர் அம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன். வாரத்தில் கிடைக்கும் ஒரு ஓய்வு நாளில் இருட்டு பிரியுமுன் கிளம்பி, சேலத்திலிருந்து சைக்கிளிலேயே எங்கள் பக்கம் வருவார். வெண்ணந்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பல் டாக்டருக்கு நாலு ஏக்கர் கல்லுக்காடு இருக்கிறது. எதுவும் விளையாத அந்தக் காட்டில் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே பாதை போட்டு, ஆறேழு பேர் சைக்கிள் ஓட்டிப் பழகினார்கள். பல்லை உடைத்துக்கொண்டால் டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற வசதியும் இருந்தது. டி.டி.ஆர் அம்மாவைப் பற்றி அந்த டாக்டர்தான் எனக்கு ஒரு கதை சொன்னார். ஊரிலிருந்து வந்த சொந்த மாமியாரையே பிளாட்பார டிக்கெட் இல்லை என்று ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்திவிட்டாராம். ஒருநாள் அவரிடமே கேட்டேன். அப்படியெல்லாம் நிறுத்தவில்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன் அவ்வளவுதான் என்று பதில் வந்தது.

எதற்காக இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டபோது போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். மேற்கே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் வைக்கிறார்கள். அங்கே ஓர் ஓடைப் பள்ளத்தின் மேல் நீளமாக, ஆறே அங்குல அகலத்தில் மரப்பலகை போட்டிருக்கிறது. சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக அதன் மேல் ஏறி, கயிற்றில் நடப்பவர்களைப்போலக் கண்ணை எதிர்க்கரையிலேயே வைத்துக்கொண்டு கடந்துபோனார்கள். கடைசியில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பலகை வரைக்கும் வந்து, நின்று, இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். அது இவர்தான். பின்னால் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லையாம். எல்லோரும் ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தார்களாம். அந்த மரியாதையைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றார். "எனக்கு ஜெயிக்கவெல்லாம் வேணாம் மேஸ்திரி. அந்தப் பலகையில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கால் ஊனாம போயிடணும்."

இப்படி ஒரு ஆசையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேட்ட விதம் எனக்குப் பிடித்துவிட்டது. மாதிரிக்கு நாலடித் துண்டு ஒன்று செய்து வைத்தேன். அடியில் இரண்டு நீளச் சட்டம், அதன் மேல் குறுக்கே நெருக்கமாக ரீப்பர் கட்டைகள். அடுத்த வாரம் வந்தவர் தன் பையிலிருந்து டேப்பை எடுத்து மூன்று இடத்தில் அளந்தார். மூன்றிலும் ஆறு. தலையை ஆட்டி, மீதியையும் இப்படியே செய்துவிடுங்கள் என்றார். ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்காவது தடுப்பு வைக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். தடுப்பு இருந்தால் அதில் பெடல் மாட்டி விழுவேன், இல்லாவிட்டால் வெறுமனே விழுவேன், வெறுமனே விழுவதுதான் நல்லது என்று விளக்கினார். எனக்கு இரண்டு விழுதலுக்கும் வித்தியாசம் விளங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரீப்பர் அறுக்க உட்கார்ந்தபோதுதான் என் புத்தி வேலை செய்தது. மூன்றரை அடி உயரத்தில், ஆறு அங்குலத்தில், ஒரு பொம்பளைப் பிள்ளை. என் பட்டறையிலிருந்து போன மரத்திலிருந்து விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொண்டால் நான் எந்த முகத்தோடு அடுத்த லாரிக்குக் கட்டை அறுப்பேன்? முதல் நாலடியை ஆறிலேயே வைத்தேன். அவர் அளந்து பார்த்த துண்டு அது. அதற்கப்புறம் ஒவ்வொரு ரீப்பரையும் முந்தியதைவிட ஒரு நூல் நீளமாக அறுத்தேன். அங்குலத்துக்கு எட்டு நூல். பதினாறாவது ரீப்பரில் அகலம் எட்டு அங்குலத்துக்கு வந்துவிட்டது. நடுப்பகுதி, வளைவு எல்லாம் எட்டு. அந்தப் பக்கம் இறங்கும் இடத்தில் அதேபோல நூல் நூலாகக் குறைத்து மறுபடி ஆறில் கொண்டுபோய் முடித்தேன். தூரத்தில் இருப்பது எப்போதுமே கண்ணுக்கு ஒடுக்கமாகத் தெரியும் இல்லையா, அதனால் ஒரு முனையில் நின்று பார்த்தால் முழுப் பாதையும் ஒரே சீராகத் தெரிந்தது. செய்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு வெட்கமே வரவில்லை. சரியான கைவேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. வீட்டில் சொன்னபோது மனைவி மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள். அந்தம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்றாள். கேட்டால் விட்டிருப்பாரா?

டி.டி.ஆர் அம்மா டியூட்டியில் இருந்த இரண்டு நாளில் கல்லுக்காட்டில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு பக்கமும் தென்னை நார்த்தூளை மெத்தென்று கொட்டினோம். இதற்கு நடுவில் எங்கள் பெயிண்டர் ஒரு வேலை செய்திருந்தார். பெயிண்ட் அடிக்காத மரம் பட்டறையை விட்டு வெளியே போனால் அது அவருக்கு அவமானம். அதனால் யாரும் கேட்காமலேயே முழுப் பலகைக்கும் பளபளவென்று நீல பெயிண்ட் அடித்து, ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும் கோடு இழுத்து, ஏறுகிற இடத்தில் இரண்டு கிளியும் ஒரு தாமரையும் வரைந்து, அதற்குக் கீழே 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியும் வைத்துவிட்டார். டி.டி.ஆர் அம்மா வந்த அன்று, புது வண்டி வெளியே போகும்போது செய்வதுபோலச் சூடம் கொளுத்திப் பூசணிக்காய் உடைத்தோம். சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். டி.டி.ஆர் அம்மா கிறிஸ்தவர்; எங்கள் பூஜை முடியும் வரை கைகட்டி நின்று, தன் பங்குக்கு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, பழத்தை நசுக்கியபடி ஏறினார். எலுமிச்சம்பழச் சாறும் பளபளப்பான பெயிண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது அடியில் சக்கரம் வழுக்கி, அவர் நார்த்தூளில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே, கிளி நல்லாயிருக்கு, ஆனால் சுரண்டிவிடுங்கள் என்றார். பெயிண்டர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கோழிப்பண்ணையில் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை வாங்கி மேலே விரித்து அடித்தோம். டயர் நன்றாகப் பிடித்தது.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். அவருடைய ஓய்வு நாள் என்றைக்கு என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பட்டறையைத் திறந்து வேலையை ஒப்படைத்துவிட்டு, தூக்குப்போசியில் மோரை ஊற்றிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிடுவேன். நானும் ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பலகை மேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். வளைவு வந்ததும் தலை சுற்றி, குழந்தையைப்போலத் தவழ்ந்து திரும்பினேன். எட்டு அங்குலம் வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன். அவர் விழுவார், எழுவார், தட்டிக்கொள்வார், மறுபடி ஏறுவார். முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போவார். நான் பக்கத்திலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுவேன். நான்காவது மாதத்தில் ஒரு காலை, முழு நாற்பது அடியையும் கால் ஊன்றாமல் கடந்துவிட்டார். இறங்கி வந்தவர் மூச்சு வாங்க, "ஆறு இன்ச்சுல போயிட்டேன் மேஸ்திரி" என்றார். முகம் அப்படி ஒளிர்ந்தது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் மோரை ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பந்தயம் வரைக்கும் வந்த ஒவ்வொரு ஓய்வு நாளிலும் பத்துத் தடவையாவது கடந்திருப்பார். வழியனுப்பப் பட்டறையே வாசலில் நின்றது. பெயிண்டர்கூடச் சமாதானமாகி, ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு கிளி வரைந்து கொடுத்தார்.

பந்தயத்துக்கு மறுநாள் பல் டாக்டர் போன் செய்தார். ஓடைப் பலகையில் பாதிதூரம் போய் விழுந்துவிட்டார், தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, சேலத்துக்குக் கூட்டிவந்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எந்த அளவுப் பலகை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னேன். மனைவி கையிலிருந்த வேலையை நிறுத்தாமலேயே, "ஏனுங்க, போயிச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள். எலும்பு கூடட்டும், அந்த நேரத்தில் போய் இதை ஏன் என்று பதினைந்து நாள் தள்ளினேன். பதினைந்து நாளும் அவள் அந்த ஒரே வார்த்தையை வேறு வேறு பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.

சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் கிடந்தது. அவர் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். வராந்தாவில் சைக்கிள் துடைத்துச் சுத்தமாக நின்றது. அதை விலைக்குக் கேட்டு மறுநாள் ஒருவர் வருகிறார் என்றும், இனி ஓட்டப்போவதில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னார். நான் கொண்டுபோன சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"பயம்தான் மேஸ்திரி, வேற ஒண்ணுமில்ல. இங்க அத்தனை தடவை ஓட்டின அதே ஆறு இன்ச். அங்க ஏறினதும் கண்ணுக்கு அது ஒல்லியாத் தெரிஞ்சது. பயந்தவளுக்குத்தான் அப்படித் தெரியும். நான் இவ்வளவுதான்னு தெரிஞ்சு போச்சு."

அவர் அழவில்லை. ரொம்ப நாளாக யோசித்து முடிவுக்கு வந்தவர் பேசுவதுபோலத்தான் பேசினார். அதுதான் என்னை உலுக்கியது. எலும்பு முறிந்தது விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு மனுஷி தன்னைப் பற்றித் தப்பாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்கான பொய்ச்சாட்சி நான் செய்து கொடுத்த மரம் என்றால் எங்கே ஓடுவது?

"ஒல்லியாத் தெரியலீங்க அம்மிணி, ஒல்லியாத்தான் இருந்திருக்குது. நம்மளது எட்டு இன்ச்சுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. முனையில் நான் அளந்தேனே என்றார். முனையில் ஆறுதான், நாலடி தாண்டினால் நூல் நூலாகக் கூடி எட்டு, அந்தப் பக்கம் இறங்கும்போது மறுபடி ஆறு என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். "நீங்க உழுந்துறக் கூடாதுன்னு நான்தான் வச்சேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

டிக்கெட் இல்லாதவர்களை இந்தப் பெண் எப்படிப் பார்ப்பார் என்பதை அன்றைக்கு நான் தெரிந்துகொண்டேன். கோபமாகப் பார்ப்பதில்லை. நீயே சொல்லு என்று பார்ப்பார்.

"நான் விழக் கூடாதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கல. பதினஞ்சு நாளா நான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன் மேஸ்திரி."

நாளைக்கே போய் இரண்டு அங்குலத்தையும் அறுத்துவிடுகிறேன் என்றேன். நான் வரும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்றார். பிறகு ஒற்றைக் கையால் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். சைக்கிள் வாங்க வருவதாகச் சொன்னவரைக் கூப்பிட்டு, மன்னிச்சுக்கோங்க, விற்கவில்லை என்று சொன்னார். என்னிடம் சாத்துக்குடியை மேஜை மேல் வைக்கச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துத்தான் கல்லுக்காட்டுக்கு வந்தார். நல்ல வெயில். நான் ஜெனரேட்டரும் கையில் பிடிக்கும் மின்ரம்பமும் கொண்டுபோயிருந்தேன். முதலில் கம்பி வலையைப் பிரித்து எடுத்தேன். பிறகு இரண்டு ஓரத்திலும் நூல் கயிறு கட்டி, சாக்பீஸ் தடவிக் கோடு அடித்து, பக்கத்துக்கு ஒரு அங்குலமாக அறுத்துக்கொண்டே போனேன். முப்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான கட்டையை அறுத்திருக்கிறேன். ஆனால் நல்ல மரத்தை, நன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும் மரத்தை, நானே வைத்த கூடுதலை நானே வெட்டி எறிந்தது அன்றைக்குத்தான். துண்டுகள் நார்த்தூள் மேல் பொத் பொத்தென்று விழுந்தன. அவர் உதவிக்கு வரவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. முடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு முதல் ரீப்பரிலிருந்து கடைசி ரீப்பர் வரை ஒன்று விடாமல் அளந்து, சரியானதில் எல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ரயிலில் சீட்டு சீட்டாக டிக் போட்டுக்கொண்டு போவாரே, அதே மாதிரி. இரண்டு ரீப்பர் அரை நூல் கூடுதலாக இருந்தன. அதையும் சீவச் சொன்னார். சீவினேன்.

வலையை மறுபடி அடித்ததும் சைக்கிளில் ஏறினார். நான் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். "நீங்க கூட ஓடி வந்தா நான் உங்க கையைத்தான் பார்க்கிறேன். அந்தக் கடைசியில போய் நில்லுங்க" என்றார். போய் நின்றேன். நாற்பது அடி தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர் விழுவதைப் பார்ப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. அன்று காலையில் மட்டும் பதினொரு தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் என் கால் இரண்டடி முன்னால் போய், திரும்பி வந்தது. ஒரு தடவை வாய்விட்டு, பார்த்துங்க சாமி என்று கத்திவிட்டேன். அந்தத் தடவைதான் மோசமாக விழுந்தார். அதற்குப் பிறகு வாயையும் மூடிக்கொண்டேன்.

சரியான அளவில் கடக்க அவருக்குப் பொங்கல் தாண்டிவிட்டது. கடந்த அன்று துள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு தடவை ஓட்டினார். அடுத்த பந்தயத்துக்கு என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு நெஞ்சில் தெம்பு இல்லை. பந்தய நாளன்று மத்தியானம் ஒரு முட்டை வண்டிக்குப் பின்கதவு பொருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே மழை கொட்டும் சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. "கால் ஊனலை மேஸ்திரி" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. முழுசாகவா என்று கேட்டேன். முழுசாக என்றார். பட்டறையில் அத்தனை பேருக்கும் டீ சொன்னேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தெரியாமல், நம்ம டி.டி.ஆர் அம்மா பாஸ் ஆகிவிட்டார் என்றேன். பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம் அவருக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. அதை அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. இப்போது லாரிக்கு பாடி கட்டும்போது சொன்ன அளவில்தான் அறுக்கிறேன். கூடுதல் வேண்டுமானால் முதலிலேயே கேளுங்கள் என்று ஓனர்களிடம் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரிக்கு வயசாகிக் கை சுருங்கிவிட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காதால் கேட்பதே பெரிய வேலை என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. என் மனைவிக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். இட்லி இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று அவள் கேட்கும்போது வேண்டாம் என்றால் வைப்பதில்லை; நானும் அவளுக்குப் புடவை எடுக்கும் கடையில் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் டி.டி.ஆர் அம்மா மறுபடி பட்டறைக்கு வந்தார். முன்நெற்றி முடியில் நரை ஓடியிருக்கிறது. வந்ததும் வராததுமாக, இந்தத் தடவை நாலு அங்குலம் வேண்டும் என்றார். இருபது அடி நீளம், இரண்டடி உயரம். எந்தப் பந்தயத்துக்கு என்று கேட்டேன். பந்தயத்துக்கு இல்லை, முடிகிறதா என்று பார்க்கத்தான் என்றார். தடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்லுக்காட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சொல்லியனுப்பினேன். ஓய்வு நாளன்று காலையில் வந்தார்.

முதல் ரீப்பரிலிருந்து அளப்பார் என்று டேப்பை நீட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் வாங்கவில்லை. எவ்வளவு வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். சரி என்று சைக்கிளில் ஏறினார். நான் சொல்லாமலேயே அந்தக் கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன். ஏழெட்டு அடி வரைக்கும் அழகாக வந்தார். பிறகு முன்சக்கரம் ஒரு பக்கம் ஆடி, இன்னொரு பக்கம் ஆடி, சைக்கிளும் அவருமாகப் பக்கவாட்டில் சரிந்து நார்த்தூளில் விழுந்தார். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு தலை முழுக்க நார்த்தூளோடு, மல்லாந்து கிடந்தபடியே, அண்ணாந்து பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலேதான் மேஸ்திரி" என்றார்.

என் வேலையைப் பார்த்து எத்தனையோ லாரி ஓனர்கள் பாராட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சந்தோஷம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.